மானாவாரிப் புதர்க்கொடி கிரனாஷ்: மெக்லாரன் வேல் மணலில் இருந்து புட்டி வரை

#1 கொடிக்கால்

தென் ஆஸ்திரேலியாவின் மெக்லாரன் வேல், பரோசா பகுதிகளில் இருந்து வரும் கிரனாஷ் (சிவப்பு ஒயின் திராட்சை ரகம்) புட்டிகளில் "மானாவாரி, புதர்க்கொடி" என்று அச்சிட்டிருப்பார்கள். புதர்க்கொடி என்றால் கம்பியோ பந்தலோ இல்லாமல் தனியே நிற்கும் கொடி. அதைப் பார்த்ததும் பலர் சொல்வது ஒன்றுதான்: கொடிக்குத் தண்ணீர் காட்டாமல் வாட்டுகிறார்கள், பழம் சிறுத்துப் போகிறது, அதனால் ஒயின் அடர்த்தியாக வருகிறது. இந்த எண்ணம் தப்பு என்பதால்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன். வாடிய கொடியில் நல்ல ஒயின் வராது. மானாவாரியில் நல்ல ஒயின் வரும் தோட்டம் என்றால், அறுவடை வரைக்கும் கொடிக்கு அளவாகத் தண்ணீர் கிடைக்கும் தோட்டம் என்று அர்த்தம். அந்தத் தண்ணீர் குழாயில் வராமல் மண்ணுக்குள் சேர்ந்து கிடக்கிறது.

கணக்கைப் பாருங்கள். மெக்லாரன் வேல் அடிலெய்டுக்குத் தெற்கே சுமார் 40 கி.மீ. மழை இடத்துக்கு இடம் 500 முதல் 700 மி.மீ. வரை. அதில் பெரும்பங்கு மே முதல் செப்டம்பருக்குள், அங்கே குளிர்காலத்தில், கொட்டிவிடும். கோடையான டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி மூன்றும் வறட்சி. ஆகவே குளிர்காலத்தில் பெய்ததை மண் எவ்வளவு பிடித்து வைக்கிறதோ, அதுதான் கொடியின் முதலீடு. மெக்லாரன் வேலுக்குள் ப்ளூவிட் ஸ்பிரிங்ஸ் பக்கம் மேலே மணல், கீழே களி. ஒரு மீட்டர் ஆழ மணல் கொடி எடுக்கக்கூடிய ஈரமாக 50 முதல் 70 மி.மீ. வைத்திருக்கும், களி கலந்த மண் அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் வைத்திருக்கும். 60 செ.மீ. மணலும் அதன்கீழ் வேர் இறங்கக்கூடிய 1.4 மீட்டர் மணற்களியும் இருந்தால் மொத்தம் சுமார் 200 மி.மீ. கையிருப்பு. மேலே உள்ள மணல் தானே மூடாக்காகவும் வேலை செய்கிறது. கீழே உள்ள ஈரம் மேலேறி ஆவியாகிப் போவதை உலர்ந்த மணல் தடுக்கிறது.

கிரனாஷுக்கு ஒரு குணம் உண்டு. மண்ணில் ஈரம் குறையத் தொடங்கியதுமே, ஷிராஸ் போன்ற ரகங்களுக்கு முன்பாகவே, இலைத்துளைகளை மூடிக்கொள்ளும். கொடி பிழைத்துக்கொள்ளும், ஆனால் மூடிய இலை சர்க்கரை செய்யாது. அதற்குப் பிறகும் சர்க்கரை அளவு ஏறுகிறது என்றால் பழம் நீரிழந்து சுருங்குவதால்தான் ஏறுகிறது. விதை பச்சையாகவே நிற்கும், தோலில் மணம் வராது. அப்படி வரும் ஒயினில் 15 சதவீத ஆல்கஹால் இருக்கும், சுவை மட்டும் இருக்காது.

தோட்டத்துக்குள் போனால் பார்க்க வேண்டியது இரண்டு. தளிர் நுனி எப்போது வளர்ச்சியை நிறுத்துகிறது? பழம் நிறம் மாறத் தொடங்கும் ஜனவரியில் நின்றிருக்க வேண்டும், தளிர் சுமார் ஒரு மீட்டர் இருக்க வேண்டும். அடுத்து, அடியிலை. அறுவடை வரைக்கும் அது பச்சையாக இருந்தால் மண் தாங்குகிறது. ஜனவரிக்கு முன்பே மஞ்சளாகி உதிர்ந்தால் அந்த மண்ணுக்கு அந்தப் பழச்சுமை அதிகம்.

கவாத்து, நோய், நொதிப்பு தெரிந்தவர்கள் தொடருங்கள்.

#2 இளவேனில்

அண்ணே, நம்ம பக்கம் திராட்சைன்னா பந்தல்தான். கம்பியே இல்லாம கொடி எப்படி நிக்குது? ஹெக்டேருக்கு எத்தனை கொடி வைக்கிறாங்க? ஷிராஸையும் இதே மாதிரி விடலாமா?

#3 கவாத்துக்கத்தி

இளவேனில், கிரனாஷ் தளிர் இயல்பிலேயே நிமிர்ந்து வளரும். மூர்வேத்ர, கரிஞான் ரெண்டும் அப்படித்தான். அதனாலதான் இந்த மூணும் காலங்காலமா புதராவே வளர்ந்திருக்கு. ஷிராஸ் தளிர் சரிஞ்சு தரையில கிடக்கும், நவம்பர் காற்றுல அடியோட முறியும். அதைக் கம்பியில கட்டணும், இல்லேன்னா ஒவ்வொரு கொடிக்கும் ஒரு முளைக்குச்சி நட்டு அதுல கட்டணும்.

வடிவம் இப்படி: அடித்தண்டு 30லிருந்து 50 செ.மீ. உயரம். அதுக்கு மேல கிண்ணம் மாதிரி சுத்திவர 5 அல்லது 6 கை. நடு காலியா இருக்கணும். ஒவ்வொரு கைக்கும் ஒரு குச்சி, குச்சிக்கு ரெண்டு கணு. 6 கைன்னா 12 கணு, 12 தளிர். தளிருக்கு ஒரு குலை, குலை சராசரி 150 கிராம்னு வச்சா கொடிக்கு 1.8 கிலோ.

இடைவெளி பழைய தோட்டங்கள்ல குதிரை குறுக்கும் நெடுக்குமா உழறதுக்குத் தகுந்தபடி வச்சது. 2.4 மீட்டருக்கு 2.4 மீட்டர்னா ஹெக்டேருக்கு 1,736 கொடி. மேலே சொன்ன சுமையில ஹெக்டேருக்கு 3.1 டன். ஒரு டன்னுக்கு 650 லிட்டர் ஒயின்னு எடுத்தா 2,000 லிட்டர், அதாவது ஏறக்குறைய 2,700 புட்டி. இந்த வகை ஒயின் விலை ஏன் இறங்க மாட்டேங்குதுங்கிறதுக்கு இந்தக் கணக்கே போதும். அறுவடை இயந்திரமும் உள்ளே போக முடியாது, அத்தனையும் கை வேலை.

இடைவெளியை கொடிக்கால் அண்ணன் சொன்ன ஈரக் கணக்கோட சேர்த்துப் பாருங்க. 2.4க்கு 2.4ன்னா கொடி ஒண்ணுக்கு 5.76 சதுர மீட்டர் நிலம். 200 மி.மீ. கையிருப்புன்னா கொடிக்கு 1,150 லிட்டர் தண்ணி. அதே மண்ணுல 1.5க்கு 1.5 நெருக்கி நட்டா கொடிக்கு 450 லிட்டர்தான். நெருக்கி நடுற ஐரோப்பிய முறையை இங்க அப்படியே கொண்டுவந்தா பிப்ரவரி தாங்காது.

கவாத்துல நடக்கிற பெரிய தப்பு, ஆசைப்பட்டு கணு கூட விடுறது. நல்ல மழை பெஞ்ச வருஷத்துல கொடிக்கு 20 கணு விட்டா அந்த வருஷம் பழம் கூடுதுதான், மறுக்கலை. ஆனா நடு அடைஞ்சு காத்து போகாது, குலை ஒண்ணுமேல ஒண்ணு உக்காரும், மழை வந்தா அழுகும். அடுத்த வருஷம் மழை குறைஞ்சா கொடி தன் கையையே பட்டுப்போக விட்டுடும். போன வருஷத் தளிரோட தடிமனைப் பாருங்க. சுண்டுவிரல் கனம் இருந்தா அந்தக் கைக்கு ரெண்டு கணு சரி. பென்சிலைவிட மெலிஞ்சிருந்தா ஒரே கணு, இல்லேன்னா அந்தக் கையையே எடுத்துடலாம்.

#4 கவாத்துக்கத்தி

நோயைத் தனியா எழுதறேன், ஏன்னா பழைய கிரனாஷ் தோட்டத்தைக் கொல்றது வறட்சி இல்லை, யூட்டைப்பா பூஞ்சாணம்தான். கிரனாஷுக்கு அது ரொம்ப சீக்கிரம் பிடிக்கும்.

மழை பெஞ்ச உடனே வித்து காத்துல பரவும். புதுசா வெட்டின கவாத்துக் காயத்துல இறங்கும். முதல் ரெண்டு வாரம்தான் காயத்துக்கு ஆபத்து அதிகம். உள்ளே போனா அடையாளம் தெரியறதுக்குப் பல வருஷம் ஆகும். வசந்தத்துல ஒரு கையில மட்டும் தளிர் குட்டையா, இலை சின்னதா மஞ்சளா சுருண்டு, ஓரம் கருகி நிக்கும். அந்தக் கையைக் குறுக்கே வெட்டிப் பாத்தா ஆப்பு வடிவத்துல பழுப்பு மரம் தெரியும்.

செய்ய வேண்டியது: கவாத்தை ஆகஸ்ட் கடைசிக்குத் தள்ளுங்க. மழை முன்னறிவிப்பு இருந்தா கத்தியைத் தொடாதீங்க. 2 செ.மீ.க்கு மேல இருக்கிற காயத்துக்கு அன்னைக்கே பூச்சு மருந்து தடவுங்க. பெரிய வெட்டைத் தண்டோட ஒட்டி வெட்டாம ஒரு குட்டைக் கட்டை விட்டு வெட்டணும், மரம் காய்ஞ்சு உள்ளே இறங்கினாலும் சாறு ஓடுற பாதையைத் தொடாது. நோய் புடிச்ச கையை, பழுப்பு முடியற இடத்துக்குக் கீழ குறைஞ்சது 10 செ.மீ. நல்ல மரம் வர்ற வரைக்கும் எடுக்கணும். வெட்டின மரத்தைத் தோட்டத்துல போடாதீங்க.

தலை முழுக்கப் போன கொடியையும் காப்பாத்தலாம். அடித்தண்டுல தரைக்குப் பக்கத்துல வர்ற ஒரு போத்தைக் கிள்ளாம விடுங்க. ரெண்டு வருஷத்துல அது புதுத்தண்டு ஆகும், அப்புறம் பழைய தலையை அறுத்துடலாம். வேர் பழசு, 80 வருஷமா இறங்கின வேர். அதை விட்டுட்டுப் புதுச்செடி நடுறது வீண். வசந்தத்துல போத்து கிள்றவங்க எந்தக் கொடிக்குக் கிள்ளக் கூடாதுன்னு தெரிஞ்சுக்க, முன்னாடியே அந்தத் தண்டுல வர்ணம் பூசி வைக்கணும். இந்தச் சின்ன வேலையை விட்டதால போத்து போய், கொடியே போன தோட்டங்கள் நிறைய.

#5 செம்மண்

தென்னாப்பிரிக்காவின் ஸ்வார்ட்லாந்துப் பகுதியின் நடைமுறையையும் சேர்த்துவிடுகிறேன். அங்கேயும் மானாவாரிப் புதர்க்கொடிதான் பழைய வழக்கம். ரகம் சின்ஸோ, கிரனாஷ், வெள்ளையில் ஷெனின் பிளாங்க். பார்டபெர்க் மலையைச் சுற்றி மக்கிய கருங்கல் மண், மாம்ஸ்பரி பக்கம் களிப்பாறை மண். குளிர்கால மழை, வறண்ட கோடை என்பதெல்லாம் ஒன்றே.

பெரிய வேறுபாடு வேரில். தென் ஆஸ்திரேலியாவில் கொடியின் வேரை அழிக்கும் ஃபிலாக்ஸெரா பூச்சி இன்றுவரை இல்லை. அங்கே பழைய கொடிகள் தம் சொந்த வேரில் நிற்கின்றன. ஸ்வார்ட்லாந்து அடங்கிய கேப் பகுதிக்கு அது 1886இல் வந்துவிட்டது. அதற்குப் பிறகு நட்டது எல்லாம் அந்தப் பூச்சியைத் தாங்கும் வேர்ச்செடிமேல் ஒட்டியது. மானாவாரிக்கு எந்த வேர்ச்செடி என்பது அங்கே வாழ்வா சாவா என்ற கேள்வி. ரிக்டர் 99, ரிக்டர் 110 இரண்டும் வறட்சி தாங்கி ஆழம் போகும். ரிப்பாரியா கலப்புள்ள 101-14 போன்றவை மேலாகவே பரவும் வேர். தண்ணீர் பாய்ச்சும் தோட்டத்துக்குச் சரி, மானாவாரி மேட்டு நிலத்துக்கு ஆகாது.

2015 முதல் 2018 வரை அங்கே தொடர் வறட்சி. அந்தச் சமயத்தில் பழைய தோட்டங்களில் மகசூல் வெகுவாக விழுந்தது. அப்போதும் பழம் சீராகப் பழுத்த தோட்டங்கள் இருந்தன. கவாத்திலேயே கணுவைக் குறைத்து, பழம் பட்டாணி அளவில் இருக்கும்போதே குலையையும் குறைத்தவர்களின் தோட்டங்கள் அவை. கொடிக்கால் சொன்னதற்கு இது நேரடிச் சான்று: தண்ணீர் குறைந்தால் சுமையும் குறைய வேண்டும்.

#6 வடக்குவாசல்

> "வாடிய கொடியில் நல்ல ஒயின் வராது"

ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் மானாவாரி என்று பெருமையாக அச்சிடுவதில் என்ன இருக்கிறது? சொட்டுநீர் போட்டு, ஜனவரி வெப்ப அலைக்கு முன் கொடிக்கு 40 லிட்டர் விட்டால் அதே சமநிலை கிடைக்கிறதே. மகசூலும் பாழாகாது. "பழைய கொடி" என்பதற்கும் ஆஸ்திரேலியச் சட்டத்தில் வரையறை இல்லை.

#7 கொடிக்கால்

நல்ல கேள்வி. ஒரு வெப்ப அலைக்கு முன் ஒருமுறை தண்ணீர் விடுவதால் ஒயின் கெடாது, அதைக் குறையாகச் சொல்பவன் நானல்ல. பிரச்சினை பழக்கத்தில் இருக்கிறது. சொட்டுவாய்க்குக் கீழே வாரம் ஒருமுறை 10, 15 லிட்டர் விட்டுப் பாருங்கள். உறிஞ்சும் வேர் எல்லாம் அந்த ஈரக் குடத்துக்குள் வந்து நெருங்கிவிடும். தண்ணீர் ஒரு வாரம் தவறினால் கொடி தவிக்கும். மானாவாரிக் கொடியின் வேர் 5 சதுர மீட்டர் நிலத்தையும் ஆழத்தையும் பயன்படுத்துகிறது, அதனால் ஈரம் மெதுவாக, படிப்படியாகக் குறைகிறது. பழம் அந்த மெதுவான குறைவில் பழுக்கிறது. வித்தியாசம் அங்கேதான். விட வேண்டும் என்றால் குளிர்கால மழை பொய்த்த வருடத்தில் ஆகஸ்ட், செப்டம்பரிலேயே, ஆழம் நனையும்படி ஒரே தடவையாக விடுவது கோடையில் பத்து தடவை விடுவதைவிட மேல்.

வயதைப் பொறுத்தவரை: பரோசாவில் 2009இல் தாங்களாகவே ஒரு சாசனம் வகுத்துக்கொண்டார்கள். 35, 70, 100, 125 வயது என நான்கு படி. தென்னாப்பிரிக்காவின் பழங்கொடித் திட்டம் 35 வயதுக்கு மேற்பட்ட தோட்டங்களுக்கு நட்ட ஆண்டு அச்சிட்ட முத்திரை தருகிறது. வாங்குபவருக்கு என் யோசனை, "பழைய" என்ற சொல்லை விடுங்கள், நட்ட ஆண்டு எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

#8 இளவேனில்

புதுசா நடுறவங்க தண்ணியே விடாம வளர்க்க முடியுமா? முதல் வருஷம் செடி செத்துப்போகாதா?

#9 கவாத்துக்கத்தி

முடியாது, முதல் ரெண்டு கோடைக்குத் தண்ணி விட்டே ஆகணும். மானாவாரிங்கிறது வேர் இறங்கினதுக்கு அப்புறம்.

நடுறதுக்கு முந்தின கோடையில, மண் காய்ஞ்சிருக்கும்போது 70, 80 செ.மீ. ஆழத்துக்குக் கொழு ஓட்டி அடியை உடைக்கணும். ஈரக் களியில ஓட்டினா உடையாது, சுவர் மாதிரி பூசி விட்டுடும், வேர் அதைத் தாண்டாது. ஆகஸ்ட், செப்டம்பர்ல வேர்விட்ட குச்சியை நட்டு, பக்கத்துல 1.2 மீட்டர் முளைக்குச்சி அடிங்க. முதல் கோடைக்கு மூணு வாரத்துக்கு ஒருமுறை 20 லிட்டர். அடிக்கடி 5 லிட்டர் விட்டா வேர் மேலேயே நின்னுடும், அப்புறம் மானாவாரி ஆகாது. களை முக்கியமான எதிரி. செடியைச் சுத்தி அரை மீட்டருக்கு ஒரு புல்லும் இருக்கக் கூடாது.

முதல் குளிர்ல ரெண்டு கணுவுக்கு வெட்டுங்க. ரெண்டாவது வருஷம் நல்ல தளிர் ஒண்ணை முளையில கட்டி, 40, 45 செ.மீ.யில நுனி கிள்ளுங்க. அங்கேயிருந்து பக்கத் தளிர் வரும். மூணாவது வருஷம் அதுல மூணை, வெவ்வேற திசையில பாத்து வச்சுக்கங்க. அஞ்சாவது வருஷத்துக்குள்ள கை அஞ்சு ஆகிடும். முதல் மூணு வருஷம் வர்ற குலையை எல்லாம் பூவுலயே எடுத்துடணும். நாலாவது வருஷம் கொடிக்கு அரைக் கிலோ விடலாம்.

வரிசைக்கு நடுவுல ஏப்ரல் மழையோட பார்லி, பயறு மாதிரி மூடுபயிர் விதைச்சு, தளிர் விடுற செப்டம்பர்லயே அடக்கி உழுதுடணும். அக்டோபர் வரைக்கும் விட்டா அது குடிக்கிற தண்ணி கொடியோட ஜனவரித் தண்ணி. உழவு 8, 10 செ.மீ.க்கு மேல போகக் கூடாது, மேல்வேரை அறுக்கும்.

#10 செம்மண்

பூக்கும் காலத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லை. நவம்பரில் குளிர்ந்த, ஈரக் காற்று அடித்தால் கிரனாஷ் பூவை உதிர்த்துவிடும். சில ஆண்டுகளில் பாதிக் குலை வெறும் காம்பாக நிற்கும். கொழுத்து வளரும் கொடியில் இது இன்னும் மோசம். பூக்கும் சமயத்தில் நீண்ட தளிரின் நுனியைக் கிள்ளினால் உணவு பூப்பக்கம் திரும்பும். மணல் நிலத்தில் துத்தநாகம், போரான் குறை சாதாரணம். இலைக்காம்பைச் சோதித்துப் பார்த்து, குறை இருந்தால் பூப்பதற்கு இரண்டு வாரம் முன் இலைவழியாகத் தெளிக்கலாம்.

சாம்பல் நோய்க்குக் கந்தகம் தெளிப்பவர்கள் 35 டிகிரிக்கு மேல் போகும் நாளில் தெளிக்கக் கூடாது, பழம் வெந்துவிடும். அறுவடைக்கு ஐந்து வாரம் முன்பே நிறுத்திவிட வேண்டும். தோலில் தங்கும் கந்தகம் நொதிக்கும்போது அழுகிய முட்டை நாற்றமாக வரும்.

மேற்குப் பக்க இலையை எடுப்பது வேண்டவே வேண்டாம். புதர்க்கொடியின் குடை பழத்துக்குப் புள்ளி புள்ளியாக வெயில் தருவதே போதும். 42 டிகிரி நாளில் திறந்து கிடக்கும் கிரனாஷ் குலை ஒரே மதியத்தில் பழுப்பாகிவிடும்.

#11 மரப்பீப்பாய்

தோட்ட வேலை தெரிந்தவர்கள் நிறைய எழுதிவிட்டீர்கள். கூடத்துப் பக்கம் நான் எழுதுகிறேன். கிரனாஷ் தோட்டத்தில் எவ்வளவு முரட்டுத்தனமாகத் தாங்குகிறதோ, அவ்வளவுக்குத் தொட்டியிலும் பீப்பாயிலும் மென்மையானது.

முதலில் அறுவடை நாள். 200 பழம் பொறுக்கிச் சாறு எடுத்துப் பார்ப்பவர்கள் ஏமாறுவது வழக்கம். கை தானாகவே வெயிலில் பழுத்த பழத்தைத்தான் பறிக்கும். புதர்க்கொடியில் வெளிக்குலைக்கும் உள்குலைக்கும் ஒரு போமே (சாற்றின் சர்க்கரை அளவு) வரை வித்தியாசம் இருக்கும். முழுக் குலையாக 20 எடுங்கள், உள்ளே இருந்து பத்து, வெளியே இருந்து பத்து. மொத்தமாக நசுக்கிப் பாருங்கள். 13.5 முதல் 14.2 போமே, பிஎச் 3.3 முதல் 3.45 என்பது இன்றைய தெளிவான, மணம் மிகுந்த பாணிக்கு ஏற்ற இடம். விதையைக் கடித்தால் மொறுமொறுப்பாக உடைய வேண்டும். பறிப்பது விடியலில் தொடங்கிக் காலை 10 மணிக்குள் முடிய வேண்டும், 10, 12 கிலோ பெட்டியில். பெரிய தொட்டியில் கொட்டினால் தோல் மெலிந்த பழம் தன் எடையிலேயே கிழிந்து சாறு வெளியே காற்றில் நிற்கும்.

சுருங்கிய பழத்தை மேசையில் பொறுக்கி எடுங்கள். இதை விட்டுவிட்டு, நொதிப்பின் இரண்டாம் நாள் போமே ஏறியிருக்கிறதே என்று திகைப்பவர்கள் உண்டு. சுருங்கிய பழம் ஊறித் தன் சர்க்கரையை மெதுவாக விடும், 13.8இல் தொடங்கியது 14.6 காட்டும்.

காம்பு நீக்குங்கள், நசுக்க வேண்டாம். முழுப் பழமாகவே தொட்டிக்குள் போகட்டும். கந்தக டை ஆக்சைடு லிட்டருக்கு 30 முதல் 40 மி.கி. 10, 12 டிகிரியில் மூன்று நாள் குளிர் ஊறல். அதன்பின் தானே சூடேற விட்டு, உச்சத்தில் 27, 28 டிகிரியைத் தாண்ட விடாதீர்கள். கிரனாஷ் தோலில் நிறம் குறைவு. அதைக் கூட்ட வேண்டும் என்று நாளுக்கு நான்கு தடவை மிதந்த தோலை அமுக்கினால் நிறம் வராது, விதையின் கசப்புத்தான் வரும். முதல் பாதியில் நாளுக்கு இரண்டு தடவை சாற்றைக் கீழிருந்து எடுத்து மேலே ஊற்றி நனையுங்கள். ஆல்கஹால் 7, 8 சதவீதம் வந்தபின் ஒரு தடவை, கையால் மெதுவாக.

#12 வடக்குவாசல்

காம்பு நீக்காத முழுக்குலை எவ்வளவு போடலாம் ஐயா? இப்போது எல்லோரும் 100 சதவீதம் என்கிறார்களே.

#13 மரப்பீப்பாய்

காம்பைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். ப்ளூவிட் ஸ்பிரிங்ஸ் கிரனாஷில் காம்பு பழுப்பேறி மரமாக இருந்தால் 20, 25 சதவீதம் அழகாக உட்காரும். மசாலா மணமும் ஒரு கட்டமைப்பும் தரும். பச்சைக் காம்பைப் போட்டால் கீரைத்தண்டு வாடை, அது போகவே போகாது. இன்னொன்று, காம்பில் பொட்டாசியம் இருக்கிறது. அது சாற்றின் அமிலத்தைக் கட்டிப் போடும், பிஎச் 0.1 வரை ஏறும். 3.5இல் இருந்த பழம் 3.6க்குப் போனால் பின்னால் கந்தகத்துக்கு விலை கொடுப்பீர்கள். அமிலம் சேர்க்க வேண்டியிருந்தால் டார்டாரிக் லிட்டருக்கு 1 கிராம் ஏறக்குறைய 0.1 பிஎச் இறக்கும். அதை நொதிப்புக்கு முன்பே சேருங்கள். முடிந்தபின் சேர்த்தால் நாக்கில் தனியாகத் தெரியும்.

ஏன் பிஎச்சைப் பிடித்துக்கொண்டு பேசுகிறேன் என்றால்: பிஎச் 3.5இல் கட்டற்ற கந்தக டை ஆக்சைடில் சுமார் 2 சதவீதம் வேலை செய்யும் வடிவில் இருக்கும். 30 மி.கி. வைத்தால் 0.6 மி.கி. பாதுகாப்பு. பிஎச் 3.8இல் அது 1 சதவீதம். அதே 30 மி.கி. வைத்தாலும் 0.3தான். கிரனாஷில் குதிரைக் கொட்டகை வாடையைக் கொண்டுவரும் பிரெட்டனோமைசிஸ் ஈஸ்ட்டுக்கு அந்த இடம் போதும்.

#14 இளவேனில்

நொதிப்பு பாதியில நிக்கிறது, முட்டை நாத்தம் வர்றது, இது ரெண்டும் மானாவாரிப் பழத்துல அதிகம்னு சொல்றாங்களே, ஏன்?

#15 மரப்பீப்பாய்

ஈஸ்ட் உண்ணும் தழைச்சத்து குறைவு. மணல் நிலம், பழைய கொடி, உரமும் போடுவதில்லை. சாற்றில் லிட்டருக்கு 100, 120 மி.கி. மட்டுமே இருப்பது சாதாரணம். 150க்குக் கீழே போனால் ஈஸ்ட் திணறும், 14 போமே சாற்றில் இன்னும் அதிகமாகத் திணறும். தொடங்கும் முன்பே அளந்துவிடுங்கள்.

1,000 லிட்டர் சாறு, அளவு 115 என்று வைத்துக்கொள்வோம். ஒயின் தரத்து டிஏபி (டைஅம்மோனியம் பாஸ்பேட்) 300 கிராம் சேர்த்தால் லிட்டருக்குச் சுமார் 63 மி.கி. ஏறும், 178 ஆகும். ஒரே தடவையில் கொட்டாதீர்கள், நொதிப்பு வெறிபிடித்துச் சூடேறும். நொதிப்பு தொடங்கிய மறுநாள் பாதி, சர்க்கரையில் மூன்றில் ஒரு பங்கு இறங்கியதும் மீதி. ஆல்கஹால் 9, 10 சதவீதத்தைத் தாண்டியபின் ஈஸ்ட் அதை எடுக்காது. அப்போது சேர்த்தால் மிச்சம் நின்று பாக்டீரியாவுக்குத் தீனியாகும். நாற்றம் தொடக்கத்திலேயே வந்தால் சாற்றைக் காற்றுப்பட ஊற்றுங்கள். நொதிக்கும் ஈஸ்ட் ஆக்ஸிஜனை விழுங்கிக்கொள்ளும், கிரனாஷுக்குக் காற்று ஆகாது என்ற பயம் இந்தக் கட்டத்தில் வேண்டாம்.

கடைசி 1 போமே இறங்கும்போது கூடத்தைக் குளிர விடாதீர்கள், 22 டிகிரிக்கு மேல் இருக்கட்டும். மிஞ்சும் சர்க்கரை பெரும்பாலும் ஃப்ரக்டோஸ், ஈஸ்ட் அதைக் கடைசியாகத்தான் தொடும். அடர்த்திமானி பூஜ்யத்துக்குக் கீழே காட்டினாலும் முடிந்தது என்று நம்பக் கூடாது, ஆய்வகத்தில் அளந்து லிட்டருக்கு 1 கிராமுக்குக் கீழே வந்தபின்தான் முடிந்தது.

பிழிவதற்குக் கூடைச் செக்கு நல்லது. தானாக வடிவதையும் பிழிந்ததையும் தனித்தனியே வையுங்கள். இனிமேல்தான் காற்றுக்குப் பயப்பட வேண்டும். கிரனாஷ் சீக்கிரம் பழுப்பாகும், ரோஜா, ராஸ்பெர்ரி மணம் முதலில் போகும். 225 லிட்டர் புது ஓக் வேண்டாம். மரவாடை பழத்தை மூடிவிடும், சிறு பீப்பாயில் காற்றும் கூட. 500 லிட்டர் பழைய பீப்பாய், 2,000 லிட்டர் மரத்தொட்டி, கான்கிரீட் என எதுவானாலும் சரி, விளிம்பு வரை நிரப்பி, வாரம் ஒருமுறை குறைந்ததை ஊற்றுங்கள். மாலிக் அமிலம் லாக்டிக்காக மாறி லிட்டருக்கு 0.1 கிராமுக்குக் கீழே வந்ததும் கந்தகம். வசந்தத்தில் ஒரே ஒரு தடவை வண்டல் நீக்குங்கள், தொட்டிக்கு முதலில் மந்த வாயு நிரப்பி. எட்டு முதல் பத்து மாதத்தில் புட்டிக்குப் போகலாம். திருகு மூடி இந்த ஒயினுக்கு நன்றாகவே பொருந்துகிறது.

#16 வடக்குவாசல்

விளக்கத்துக்கு நன்றி ஐயா. வாங்கிப் பார்க்க நினைப்பவர்களுக்கு: மெக்லாரன் வேலில் யங்காராவின் ஹை சாண்ட்ஸ் 1946இல் நட்ட புதர்க்கொடி, மணல் மண் எப்படிப் பேசும் என்பதற்கு அதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை, விலை அதிகம். பரோசாவின் டர்க்கி ஃப்ளாட் 2016 கிரனாஷ் 2017இல் ஆஸ்திரேலியாவின் இளம் சிவப்பு ஒயினுக்கான ஜிம்மி வாட்சன் கோப்பை வாங்கியது, இந்த ரகம் மேல் எல்லோர் பார்வையும் திரும்ப அது ஒரு காரணம். ஸ்வார்ட்லாந்து சின்ஸோவுக்கு சேடி குடும்பத்தின் போஃபாடர். ஊற்றும்போது 15, 16 டிகிரி இருக்கட்டும். நம் ஊர் அறைச் சூட்டில் ஊற்றினால் ஆல்கஹால்தான் மூக்கில் ஏறும்.

இதே கொடிகளைத்தான் 1980களின் நடுப்பகுதியில் தென் ஆஸ்திரேலிய அரசு காசு கொடுத்துப் பிடுங்கச் சொன்னது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். போர்ட் வகை ஒயினுக்கு வாங்குவோர் இல்லாமல் போனதால் கிரனாஷ் விலை தரைதட்டியிருந்தது. நட்டு நூறாண்டு ஆன தோட்டங்களும் அப்போது போயின. அது பெரிய இழப்பு.

#17 இளவேனில்

கடைசியா ஒண்ணு. பழைய தோட்டத்துல நடுவுல கொடி செத்து இடம் காலியாயிடுச்சுன்னா? புதுச்செடி வச்சா பழைய கொடிங்க நடுவுல அது தேறுமா?

#18 கவாத்துக்கத்தி

தேறாது, இல்லேன்னா ரொம்பத் தாமதமாத் தேறும். சுத்தி இருக்கிற நாலு கொடியோட வேர் அந்தக் காலி இடத்து ஈரத்தை ஏற்கனவே எடுத்துக்கிட்டிருக்கும். சொந்த வேர் தோட்டம்னா பதியன் போடுங்க. பக்கத்துக் கொடியில நீளமான ஒரு தளிரைக் கவாத்துல வெட்டாம விட்டு, குளிர்கால நடுவுல 25, 30 செ.மீ. ஆழத்துக்குக் குழி எடுத்து, வளைச்சுப் புதைச்சு, நுனியில ரெண்டு கணு மட்டும் காலி இடத்துல வெளியே தெரியற மாதிரி முளையில கட்டுங்க. புதையற பகுதிக்கும் தாய்க்கும் நடுவுல மண்ணுக்கு மேல இருக்கிற கணுவை எல்லாம் கிள்ளிடணும். தாய் ஊட்டறதால முதல் கோடைக்கே தண்ணி விட வேண்டியதில்லை. மூணாவது குளிர்ல தாய்ப்பக்கத்துக் கனத்தையும் புதுப்பக்கத்துக் கனத்தையும் ஒப்பிட்டுப் பாருங்க. புதுப்பக்கம் தடிச்சிருந்தா அதுக்கு சொந்த வேர் வந்தாச்சு, தொப்புள்கொடியை அறுக்கலாம். இல்லேன்னா இன்னொரு வருஷம் விடுங்க. தாய்க்கொடியில வைரஸோ யூட்டைப்பாவோ இருந்தா அதுலேருந்து எடுக்காதீங்க, நோயும் சேர்ந்து வரும்.

#19 செம்மண்

ஒட்டுத் தோட்டத்தில் இதைச் செய்யக் கூடாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஸ்வார்ட்லாந்து, பிரான்ஸின் ஷாத்தோநெஃப் எங்கேயும் பதியன் போட்டால், தாயோடு அறுத்த நாளில் இருந்து அந்தக் கொடி ஃபிலாக்ஸெராவுக்குத் திறந்த வேரில் நிற்கும், சில வருடங்களில் போய்விடும். அங்கே ஒரே வழி ஒட்டுச்செடிதான்: குழியை அகலமாக ஒரு மீட்டருக்கு எடுத்து, பக்கத்துக் கொடிகளின் வேரைக் குழியோரத்தில் மண்வெட்டியால் அறுத்துவிட்டு நடுங்கள். மூன்று கோடைக்குக் கையால் தண்ணீர் ஊற்றுங்கள். ஒட்டுப் போட்ட இடம் தரைக்கு மேலே 5 செ.மீ. இருக்க வேண்டும், மண் அணைத்து மூடினால் மேல்துண்டு தானாக வேர்விட்டு அதே ஆபத்தில் மாட்டும்.